சீனச் சதுரங்கம்: ஆற்றைத் தாண்டாத யானையும் தாவி வெட்டும் பீரங்கியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஐந்து நிமிடம் நடந்தால் கிரேத்தா ஆயர் சதுக்கம் வரும். வட்டமான மரக் காய்களைப் பலகையில் 'படார் படார்' என்று அறைந்து பெரியவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆடுகிறவர் இருவர், சுற்றி நிற்பவர் இருபது பேர். நான் இந்த விளையாட்டை முதலில் பார்த்தது அங்கேதான். செஸ் ஓரளவு ஆடத் தெரியும் என்ற தைரியத்தில் அரை மணி நேரம் நின்றேன், ஒன்றும் புரியவில்லை. பிறகு கற்றுக்கொண்டேன். அதிலிருந்து நண்பர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த விளையாட்டின் பெயர் என்ன? அதற்கு என்ன பொருள்?

சீன மொழியில் 'ஷியாங்சி'. 'சி' என்றால் பலகை விளையாட்டு. 'ஷியாங்' என்ற எழுத்துக்கு யானை என்று பொருள். உருவம், சின்னம் என்றும் பொருள் உண்டு. அதனால் 'யானை விளையாட்டு' என்பாரும் 'உருவ விளையாட்டு' என்பாரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தந்தத்தையும் அந்த எழுத்து குறிக்கும் என்பதால் மூன்றாவது கட்சியும் உண்டு. தமிழில் சீனச் சதுரங்கம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

சைனீஸ் செக்கர்ஸ் என்பது இதுதானா?

இல்லவே இல்லை. நட்சத்திர வடிவப் பலகையில் கோலிகளை வைத்து ஆடும் அந்த விளையாட்டு ஜெர்மனியில் 1892-இல் வெளிவந்தது. பிறகு அமெரிக்காவில் விற்பதற்காகச் சீனப் பெயர் ஒட்டினார்கள். சீனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பலகை எப்படி இருக்கும்? கட்டங்களின் நடுவில் காயே இல்லையே?

செஸ் ஆடிப் பழகியவர்களை முதலில் குழப்புவது இதுதான். காய்கள் கட்டத்துக்குள் உட்காருவதில்லை, கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் உட்காரும். நம்மூர் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், புலியையும் ஆட்டையும் கோட்டுச் சந்திப்பில்தானே வைக்கிறோம்! அதே பழக்கம்தான் இங்கும்.

நெடுக்காக 9 கோடுகள், குறுக்காக 10 கோடுகள், ஆக 90 புள்ளிகள். நடுவில் ஒரு பட்டை வெறுமையாக இருக்கும். அதுதான் ஆறு. இரு பக்கத்திலும் கடைசி வரிசையை ஒட்டி, நடுவே மூன்றுக்கு மூன்று புள்ளிகள் கொண்ட சதுரம் ஒன்று இருக்கும். அதற்குள் பெருக்கல் குறி போல மூலைக்கு மூலை கோடு இழுத்திருப்பார்கள். அது அரண்மனை. தளபதி அதைவிட்டு வெளியே வர முடியாது.

கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கிடையாது. பிளாஸ்டிக் தாளிலோ காகிதத்திலோ அச்சிட்ட பலகையே போதும், சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

காய்கள் என்னென்ன? எப்படி நகரும்?

ஒரு பக்கத்துக்கு 16 காய்கள், மொத்தம் 32. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. சிவப்பு முதலில் ஆடும்.

தளபதி ஒருவர். செஸ் ராஜாவின் இடம் அவருக்கு. நேராக ஒரு அடி மட்டும் வைப்பார், மூலைவாட்டில் போக மாட்டார். ராஜா இல்லாமல் தளபதி எதற்கு என்று கேட்டால் சீனர்கள் ஒரு கதை சொல்வார்கள். யாரோ ஒரு பேரரசர் பலகையில் 'அரசன்' பிடிபடுவதைப் பார்த்துக் கோபப்பட்டாராம், அதனால் பெயரை மாற்றிவிட்டார்களாம். கதையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தளபதியின் இருபுறமும் ஆலோசகர்கள் இருவர். அரண்மனைக்குள் அந்தப் பெருக்கல் குறிக் கோட்டின் மேல் ஒரு அடி நகர்வார்கள். அவர்கள் நிற்கக்கூடியது மொத்தம் 5 புள்ளிகளில்தான்.

அடுத்து யானைகள் இரண்டு. மூலைவாட்டில் இரண்டு புள்ளி போகும். நடுப்புள்ளியில் எந்தக் காயாவது நின்றால் நகர முடியாது. அதை 'யானையின் கண்ணை அடைப்பது' என்பார்கள். யானை ஆற்றைத் தாண்டாது. ஆக இவ்வளவு பெரிய மிருகத்துக்குப் பலகையில் எட்டக்கூடியவை 7 புள்ளிகளே. முழுக்க முழுக்கக் காவல் வேலை.

குதிரை செஸ் குதிரையைப் போலத்தான், ஆனால் தாண்டிக் குதிக்காது. முதலில் நேராக ஒரு அடி, பிறகு மூலைவாட்டில் ஒரு அடி. அந்த முதல் அடியில் ஏதாவது காய் நின்றால் குதிரையின் கால் கட்டுப்பட்டுவிடும். இந்த ஒரு விதியால் விளையாட்டின் குணமே மாறுகிறது. என் குதிரை உங்கள் குதிரையைத் தாக்கும்போது, உங்கள் குதிரையால் என் குதிரையைத் தாக்க முடியாமல் போகலாம். செஸ்ஸில் அது நடக்கவே நடக்காது. புதிதாக ஆடுகிறவர்கள் குதிரையை இழப்பது பெரும்பாலும் இதை மறந்துதான்.

தேர் நேர்க்கோட்டில் எவ்வளவு தூரமும் போகும். செஸ்ஸில் நாம் யானை என்றும் கோட்டை என்றும் சொல்கிறோமே, அதே நடை. இங்கே இதைவிட வலிமையான காய் கிடையாது. ராணி இல்லாத விளையாட்டு இது.

சிப்பாய்கள் ஐந்து பேர். முன்னால் ஒரு அடி, வெட்டுவதும் நேர் முன்னால்தான். ஆற்றைத் தாண்டிய பிறகு பக்கவாட்டிலும் போகலாம். பின்னால் வரவே முடியாது. கடைசி வரிசையை எட்டினாலும் பதவி உயர்வு இல்லை, கிழச் சிப்பாயாக அங்கேயே இடமும் வலமும் நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

பீரங்கி பாக்கி. அதற்குத் தனிக் கேள்வி தேவை.

பீரங்கியைப் பற்றி எல்லாரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

நகரும்போது பீரங்கி தேரைப் போல நேராகப் போகும். வெட்டும்போது மட்டும் அதற்கும் இலக்குக்கும் நடுவே சரியாக ஒரு காய் இருக்க வேண்டும். அது நம் காயாகவும் இருக்கலாம், எதிரியின் காயாகவும் இருக்கலாம். அந்தக் காயைத் தாண்டிப் போய் வெட்டும். நடுவே ஒன்றும் இல்லாவிட்டாலும் வெட்ட முடியாது, இரண்டு இருந்தாலும் வெட்ட முடியாது. நடுவில் நிற்கும் காயைப் பீரங்கி மேடை என்பார்கள்.

செஸ்ஸில் ராஜாவுக்குச் செக் வந்தால் நடுவே ஒரு காயைக் கொண்டுவந்து மறைப்போம். பீரங்கி செக் வைத்தால் ஏற்கெனவே நடுவில் நிற்கும் காயை விலக்கியும் தப்பிக்கலாம். இன்னொன்றை நடுவே போட்டு இரண்டாக்கியும் தப்பிக்கலாம். உங்கள் தளபதிக்கு அரணாக நீங்களே நிறுத்திய ஆலோசகர்தான் எதிரியின் பீரங்கிக்கு மேடை ஆகிவிடுவார்.

முதல் நகர்த்தலிலேயே ஒரு தூண்டில் காத்திருக்கிறது. ஆரம்ப நிலையில் உங்கள் பீரங்கிக்கு நேர் எதிரே எதிரியின் பீரங்கி, அதற்குப் பின்னால் அவருடைய குதிரை. எதிரியின் பீரங்கியையே மேடையாக வைத்து எடுத்த எடுப்பில் குதிரையை வெட்டலாம்! புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதைச் செய்துவிடுவார்கள், நானும் செய்தேன். அடுத்த நொடி மூலைத் தேர் உங்கள் பீரங்கியைத் தூக்கிவிடும். ஆட்டத் தொடக்கத்தில் குதிரையைவிடப் பீரங்கிக்கு மதிப்பு கொஞ்சம் அதிகம், ஏனென்றால் பலகை முழுக்க மேடைகள் இருக்கின்றன. காய்கள் குறையக் குறைய மேடை கிடைக்காமல் பீரங்கி தவிக்கும், கால் கட்டு அவிழ்ந்த குதிரை சுதந்திரமாகப் பாயும். அதனால் எப்போது பீரங்கியைக் கொடுத்துக் குதிரையை வாங்குவது என்பது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் தலைவலி.

என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் நூறு சதவீதம் சீனமான சரக்கு பீரங்கிதான். வேறு எந்தக் காயையும் வேறு ஊர்ச் சதுரங்கத்தில் ஏதோ ஒரு வடிவில் காட்டிவிடலாம். இதற்கு ஜோடி கொரியாவில் மட்டுமே உண்டு, அதுவும் இங்கிருந்து போனது.

இரண்டு தளபதிகளும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாதாமே?

ஆமாம். இரண்டு தளபதிகளும் ஒரே நெடுங்கோட்டில், நடுவே எந்தக் காயும் இல்லாமல் நிற்கக் கூடாது. அப்படி ஒரு நிலையை உண்டாக்கும் நகர்த்தல் செல்லாது. கேட்க வினோதமாக இருந்தாலும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இது பெரிய ஆயுதம். காலியான கோட்டில் உங்கள் தளபதி வந்து நின்றாலே போதும், எதிரித் தளபதி அந்தக் கோட்டுக்குள் கால் வைக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து தூரத்து மதிலைக் காவல் காப்பது போல.

டிரா அதிகமாக வருமா?

செஸ்ஸை விட ஓட்டைகள் குறைவு. நகர்த்த வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால் செஸ்ஸில் ஸ்டேல்மேட், டிரா. இங்கே மாட்டிக்கொண்டவர் தோற்றார், அவ்வளவுதான். தொடர்ந்து செக் வைத்துக்கொண்டே இருந்து டிரா வாங்கவும் முடியாது. வைக்கிறவர்தான் வேறு நகர்த்தல் தேட வேண்டும், இல்லையென்றால் தோல்வி. பாதுகாப்பில்லாத ஒரு காயை ஓயாமல் துரத்துவதற்கும் தடை உண்டு. எது துரத்தல், எது துரத்தல் இல்லை என்பதற்கான போட்டி விதிகள் வக்கீல் நோட்டீஸ் மாதிரி நீளும். வீட்டில் ஆடுகிறவர்கள் அதற்குள் போக வேண்டாம்.

இந்த விதிகளால் எதிரியிடம் தளபதி மட்டும் இருக்கும்போது உங்களிடம் ஒரே ஒரு சிப்பாய் இருந்தாலும் வென்றுவிடலாம். கடைசி வரிசைக்குப் போய்விடாத சிப்பாயாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. உங்கள் தளபதி ஒரு கோட்டை அடைப்பார், சிப்பாய் இன்னொரு பக்கத்தை அடைப்பான், எதிரிக்கு நகர இடம் இருக்காது.

நடுவில் உள்ள ஆற்றில் என்ன எழுதியிருக்கிறது?

நான்கு எழுத்துகள்: 'சூ ஆறு, ஹான் எல்லை'. சின் பேரரசு சரிந்த பிறகு பொது ஆண்டுக்கு முன் 206 முதல் 202 வரை சீனாவுக்காக இரண்டு பேர் மோதினார்கள். ஒருவர் சூ நாட்டு ஷியாங் யூ, பிரபுக் குலத்துப் போர்வீரர். இன்னொருவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்து சிற்றதிகாரியாக இருந்த லியூ பாங். ஒரு கட்டத்தில் ஹொங்கோ என்ற கால்வாயை எல்லையாக வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். லியூ பாங் அதை உடனேயே மீறினார், வென்றார், ஹான் வம்சத்தை நிறுவினார். அந்தக் கால்வாய் எல்லைதான் இன்றைக்கும் பலகையின் குறுக்கே ஓடுகிறது.

லியூ பாங்கின் படைத்தலைவர் ஹான் ஷின்தான் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்று ஊர்க்கதை உண்டு. குளிர்காலத்தில் முகாமில் முடங்கிக் கிடந்த வீரர்களுக்காகச் செய்தாராம். நம்புவதற்குச் சான்று இல்லை. பலகையில் எழுதிய பெயர் பிற்பாடு வந்தது.

சரி, முக்கியமான கேள்வி. இது நம் சதுரங்கத்தின் பிள்ளையா?

சீனாவில் கேட்டால் இல்லை என்பார்கள், இந்தியாவில் கேட்டால் ஆமாம் என்பார்கள். இரண்டு பதிலிலும் கொஞ்சம் ஊர்ப்பற்று கலந்திருக்கிறது. சான்றுகளை வரிசையாகப் பார்ப்போம்.

இந்தியாவில் 7-ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் சதுரங்கம் பற்றிய குறிப்பு வருகிறது. ஹர்ஷரின் ஆட்சியில் சதுரங்க அணிவகுப்பை எட்டுக்கெட்டுப் பலகையில் மட்டுமே காண முடிந்தது என்று, நாட்டில் போரே இல்லை என்பதைச் சிலேடையாகச் சொல்கிறார். அதே சதுரங்கம் பாரசீகம் போய் 'சத்ரங்' ஆனது, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. அந்த மேற்கத்திய வடிவத்தில் மூலையில் தேர், அதற்கு அடுத்து குதிரை, அதற்கு அடுத்து யானை, நடுவில் அரசனும் மந்திரியும். யானை மூலைவாட்டில் இரண்டு கட்டம் போகும். மந்திரி மூலைவாட்டில் ஒரு கட்டம்.

இப்போது சீனப் பலகையைப் பாருங்கள். மூலையில் தேர், அடுத்து குதிரை, அடுத்து யானை, அடுத்து ஆலோசகர், நடுவில் தளபதி. யானை மூலைவாட்டில் இரண்டு புள்ளி, ஆலோசகர் மூலைவாட்டில் ஒன்று. வரிசையும் ஒன்று, நடையும் ஏறக்குறைய ஒன்று. இது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சீனத் தரப்பு வாதமும் லேசானதல்ல. 'ஷியாங்சி' என்ற சொல் 'சூ நாட்டுப் பாடல்கள்' என்ற பழைய கவிதைத் தொகுப்பிலேயே வருகிறது, அது சதுரங்கத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது. ஆனால் அங்கே அது 'லியூபோ' என்ற பழைய ஆட்டத்தின் தந்தக் காய்களைக் குறிக்கிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 6-ஆம் நூற்றாண்டில் வட சோ வம்சத்துப் பேரரசர் வூ ஒரு 'ஷியாங்' ஆட்டத்துக்கு நூலே எழுதினார், ஆனால் அது வானியலை ஒட்டிய வேறு ஆட்டமாகத் தெரிகிறது. பெயர் ஒன்று என்பதற்காக ஆட்டமும் ஒன்றாகிவிடாது.

எனக்குப் பிடித்த சான்று ஒரு பேய்க்கதை. தாங் வம்சத்து அமைச்சர் நியூ செங்ரூ 9-ஆம் நூற்றாண்டில் தொகுத்த அமானுஷ்யக் கதைகளில் அது இருக்கிறது. 762-ஆம் ஆண்டு வாக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் கதையில், ஆவி நடமாடும் பாழ்வீட்டில் தங்கியிருந்த சென் ஷுன் என்பவர் இரவில் இரண்டு குட்டிப் படைகள் மோதுவதைக் காண்கிறார். குதிரை சாய்வாகப் பாய்கிறது, தேர் நேராகப் போகிறது, காலாட்கள் ஒழுங்காக அடி வைக்கிறார்கள். பிறகு வீட்டைத் தோண்டினால் பழைய கல்லறை ஒன்று, அதற்குள் உலோகக் காய்கள் பரப்பிய விளையாட்டுப் பலகை. சாய்ந்து பாயும் குதிரையும் நேராகப் போகும் தேரும் இருப்பதால் இது நம் சதுரங்கக் குடும்பத்து ஆட்டம் என்பது தெளிவு.

என் முடிவு: இவை அப்பா பிள்ளை என்பதைவிடப் பங்காளிகள் என்பது பொருந்தும். சொத்து ஒரே இடத்திலிருந்து வந்தது. வீட்டை அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள். கோட்டுப் புள்ளியில் ஆடுவது, ஆறு, அரண்மனை, பீரங்கி எல்லாம் சீனர்கள் கட்டிய அறைகள்.

இப்போதுள்ள வடிவம் எப்போது வந்தது?

சோங் வம்சக் காலத்தில் (960–1279). 13-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லியூ கெசுவாங் எழுதிய கவிதை ஒன்றில் 32 காய்களும் நடுவில் ஆற்று எல்லையும் வந்துவிடுகின்றன. வெடிமருந்தைப் போரில் பயன்படுத்தத் தொடங்கிய காலமும் இதை ஒட்டியதே. ஒரு பக்கப் பீரங்கிக்குத் தீயைக் குறிக்கும் எழுத்தும், மறுபக்கத்துக்குக் கல்லைக் குறிக்கும் எழுத்தும் வருவதைப் பார்க்கலாம். கல் எழுத்து கவண்பொறியை நினைவூட்டுகிறது. மதிலுக்கு மேலே கல்லை எறியும் பொறி என்று எடுத்துக்கொண்டால் நடுக் காயைத் தாண்டி வெட்டும் விதி சட்டென்று புரிந்துவிடும்.

தமிழர்களுக்குச் சுவையான ஒரு செய்தி. 1974-இல் ஃபூஜியன் மாகாணத்தின் சுவான்சௌ துறைமுகப் பகுதியில் சோங் காலக் கப்பல் ஒன்றைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார்கள். மிளகும் நறுமணக் கட்டைகளும் நிறைந்த அந்தக் கப்பலில் சீனச் சதுரங்கக் காய்களும் இருந்தன. அதே சுவான்சௌவில்தான் தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலும் இருந்தது. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது, குப்லாய் கானின் ஆணையைப் பற்றிச் சொல்கிறது. கப்பல் மூழ்கியதும் 1270-களை ஒட்டியே. ஒரே துறைமுகம், ஏறக்குறைய ஒரே தலைமுறை.

ஆசியாவின் மற்ற சதுரங்கங்கள் எப்படி?

மிக நெருங்கிய உறவு கொரியாவின் ஜாங்கி. அதே 9க்கு 10 பலகை, ஆனால் ஆறு கிடையாது. ஆறு இல்லாததால் யானை எங்கும் போகும், நடையும் நீளமானது. பீரங்கி வெட்டுவதற்கு மட்டுமல்ல, நகர்வதற்கும் ஒரு காயைத் தாண்டியே ஆக வேண்டும். இன்னொரு பீரங்கியைத் தாண்டவும் கூடாது, வெட்டவும் கூடாது. பிடிக்காத நிலையில் 'பாஸ்' சொல்லி ஆட்டத்தை எதிரிக்கு விட்டுவிடலாம். காய்கள் எண்கோண வடிவம், மதிப்புக்கு ஏற்பப் பெரிதும் சிறிதுமாக இருக்கும். ஆறு இல்லாவிட்டாலும் பழைய சண்டை தொடர்கிறது: அங்கேயும் இரு தலைவர்களின் மேல் எழுதியிருப்பது சூ, ஹான்.

வியட்நாமில் ஆடுவது இதே ஆட்டம்தான், பெயர்தான் வேறு. புத்தாண்டுத் திருவிழாக்களில் கோயில் முற்றத்தில் பலகை வரைந்து, வேடம் போட்ட மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடுவார்கள்.

ஜப்பானின் ஷோகி வேறு வழியில் போய்விட்டது. 9க்கு 9 கட்டம், கட்டத்துக்குள் காய். வெட்டிய எதிரிக் காயை உங்கள் படையில் சேர்த்துப் பலகையில் மறுபடி இறக்கலாம். அதற்காகவே காய்களுக்கு நிற வேறுபாடு இல்லை, முனை பார்க்கும் திசைதான் அடையாளம்.

தாய்லாந்தின் மக்ருக் நம் பழைய சதுரங்கத்தை எட்டுக்கெட்டுப் பலகையிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறது. அதன் சிப்பாய்க்குப் பெயர் 'பியா', அதாவது சோழி. கம்போடியா, பர்மா, மங்கோலியா ஆகியவற்றுக்கும் சொந்தச் சதுரங்கங்கள் உண்டு. மலாய் மொழியில் செஸ்ஸுக்கு இன்றும் 'சாத்தூர்' என்றுதான் பெயர். எங்கிருந்து வந்தது என்று விளக்கவே வேண்டாம்.

சீனர்களின் உயர்ந்த விளையாட்டு 'கோ' என்கிறார்களே?

படித்தவர்கள் தேற வேண்டிய நான்கு கலைகள் என்று பழைய சீனாவில் சொல்வார்கள்: யாழ் போன்ற சின் வாத்தியம், பலகை விளையாட்டு, எழுத்துக்கலை, ஓவியம். அதில் பலகை விளையாட்டு என்பது 'கோ', அவர்கள் மொழியில் 'வெய்சி'. 361 புள்ளிகளில் கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம். ஷியாங்சிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இது டீக்கடை, பூங்கா, மரத்தடி, முடிவெட்டும் கடை வாசல் ஆகியவற்றின் ஆட்டம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. 'கோ' ஆடுகிறவர் கல்லை இரண்டு விரல் நுனியில் எடுத்து வைப்பார், ஷியாங்சி ஆடுகிறவர் காயை அறைவார்.

சீனர்களின் பேச்சில் இந்த விளையாட்டு எவ்வளவு கலந்திருக்கிறது?

நிறைய. 'குதிரைக்குப் பின்னால் பீரங்கி' என்பது பலகையில் அழகான செக்மேட். எதிரித் தளபதியின் கோட்டில் ஒரு புள்ளி விட்டு உங்கள் குதிரை நின்று இரு பக்கமும் அடைக்கும், அதற்குப் பின்னிருந்து பீரங்கி அந்தக் குதிரையையே மேடையாக்கிச் சுடும். வழக்கில் மட்டும் அர்த்தம் தலைகீழ்: எல்லாம் முடிந்த பிறகு வந்து யோசனை சொல்கிறவனை அப்படிக் கிண்டல் செய்வார்கள். நம் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' மாதிரி.

'தேரை விட்டுத் தளபதியைக் காப்பாற்றுவது' என்றால் பெரியவரைக் காக்க அடுத்தவரைப் பலி கொடுப்பது. அரசியல் செய்திகளில் அடிக்கடி வரும். 'ஆறு தாண்டிய சிப்பாய்' என்றால் திரும்பிப் போக வழியில்லாதவன். செக் சொல்லும் வார்த்தையான 'ஜியாங் ஜுன்' கூடப் பேச்சில் புகுந்துவிட்டது, ஒருவரைப் பதில் சொல்ல முடியாமல் மடக்குவதற்கு அதையே சொல்கிறார்கள்.

பெரிய வீரர்கள் யார்?

ஒருவரைத்தான் தெரிந்துகொள்வேன் என்றால் ஷாங்காயின் ஹூ ரொங்ஹுவா. சீனாவின் தேசியப் போட்டி 1956-இல் தொடங்கியது, முதல் பட்டம் குவாங்டொங்கின் யாங் குவான்லினுக்கு. 1960-இல் 15 வயதுப் பையனாக வந்து ஹூ பட்டத்தை வென்றார். அங்கிருந்து 1979 வரை நடந்த பத்துப் போட்டிகளிலும் அவரே. நடுவில் கலாச்சாரப் புரட்சியால் சில ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. மொத்தம் 14 பட்டங்கள், கடைசிப் பட்டம் 2000-இல், 55 வயதில். மற்றவர்கள் மட்டமானது என்று ஒதுக்கிய தொடக்க ஆட்டங்களை எடுத்துப் பெரிய போட்டிகளில் ஆடி வென்று காட்டியதுதான் அவர் தனித்தன்மை.

முதல் உலகப் போட்டி 1990-இல் சிங்கப்பூரில் நடந்தது. ஆசிய விளையாட்டுகளில் 2010 குவாங்சௌவிலும், 2023-இல் நடந்த ஹாங்சௌவிலும் ஷியாங்சி இருந்தது. சீனாவுக்கு அடுத்த வலிமை வியட்நாம்.

அழுக்கும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்த விவகாரம் வெடித்து, 2024-இல் முன்னணி வீரர்கள் சிலருக்கு வாழ்நாள் தடை விழுந்தது.

செஸ்ஸை விடக் கடினமா?

எந்த ஊர்க்காரரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணினி ஆய்வாளர்கள் போடும் கணக்கில் செஸ்ஸின் ஆட்ட மரம், அதாவது ஆட்டம் போகக்கூடிய வழிகளின் எண்ணிக்கை, 10-இன் 123-ஆம் அடுக்கு, ஷியாங்சி 150-ஆம் அடுக்கு, 'கோ' 360-ஆம் அடுக்கு. ஆனால் மனிதன் அவ்வளவையும் யோசிப்பதில்லையே. என் அனுபவத்தில், ஷியாங்சி சீக்கிரம் சூடு பிடிக்கும். சிப்பாய்கள் ஐந்தே பேர், அவர்கள் ஒருவரையொருவர் காக்கும் சுவராக நிற்பதில்லை, கோடுகள் திறந்தே கிடக்கின்றன. தளபதியோ ஒன்பது புள்ளிச் சிறையில். பத்தாவது நகர்த்தலுக்குள் கத்தி கழுத்துக்கு வந்துவிடும்.

கணினியிடம் மனிதன் தோற்ற கதை இங்கேயும் உண்டு. 2006-இல் பெய்ஜிங்கில் ஐந்து முதன்மை வீரர்கள் கணினியை எதிர்த்து ஆடி 9–11 என்று தோற்றார்கள்.

சீன எழுத்து தெரியாமல் ஆட முடியுமா?

தாராளமாக. படம் போட்ட காய்களும் கிடைக்கின்றன, ஆனால் எழுத்துக் காயிலேயே கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு நாள் வேலை. குதிரை எழுத்தின் அடியில் நான்கு புள்ளிகள், அவைதான் கால்கள். தேர் எழுத்து மேலிருந்து பார்த்த வண்டி மாதிரி, நடுவில் அச்சு. இரு பக்கத்திலும் எழுத்து மாறுவதுதான் குழப்பும். கறுப்புப் பக்கத்தில் யானை என்று எழுதியிருக்கும் காய், சிவப்புப் பக்கத்தில் 'அமைச்சர்' என்று இருக்கும். உச்சரிப்பும் நடையும் ஒன்றே.

முதல் பாடமாக ஒரு சீனப் பழமொழி: மூன்று நகர்த்தலுக்குள் தேரை வெளியே எடுக்காதவன் தோற்பான். மூலையில் கிடக்கும் தேர் பாதிப் படையைப் பூட்டி வைத்த மாதிரி. வழக்கமான தொடக்கம், பீரங்கியை நடுக்கோட்டுக்குக் கொண்டுபோய் எதிரியின் நடுச் சிப்பாயைக் குறிவைப்பது. பதிலுக்கு எதிரி குதிரையை எடுத்து அந்தச் சிப்பாய்க்குக் காவல் வைப்பார். இந்த இரண்டு நகர்த்தலிலிருந்து கிளைக்கும் ஆட்டங்களைப் பற்றி மிங் வம்சக் காலத்திலிருந்து புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1632-இல் வந்த 'ஆரஞ்சுக்குள் ரகசியம்' என்ற கையேடு அவற்றில் புகழ்பெற்றது. பழத்தை உரித்தால் உள்ளே கிழவர்கள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள் என்ற பழங்கதையிலிருந்து வந்த பெயர் அது.

குழந்தைகளுக்கு என்றால் பாதிப் பலகையில் ஆடும் 'பான்சி'யிலிருந்து தொடங்குங்கள். 32 காய்களையும் கவிழ்த்துக் கலைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி ஆடுவது. விதிகள் பத்து நிமிடத்தில் பிடிபடும், எழுத்துகளும் தானாகப் பழகிவிடும்.

தெருவில் ஆடுகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?

பார்க்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பல பலகைகளின் ஆற்றிலேயே ஒரு வாசகம் அச்சிட்டிருப்பார்கள்: 'ஆட்டம் பார்க்கும்போது பேசாதவனே கனவான், எடுத்த காயைத் திரும்ப வைக்காதவனே வீரன்.' கிரேத்தா ஆயரில் நான் பார்த்த பலகையிலும் அது இருந்தது. சுற்றி நின்ற இருபது பேரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா கையை நீட்டி அடுத்தவரின் தேரையே நகர்த்திவிட்டார்.